கப்பக்காரர் வீட்டார் அனைவருக்கும்

மெட்ராஸ்
14.11.1989

மரியாதைக்குரிய காஜா மைதீன் சாச்சா அவர்களுக்கு, உங்கள் அண்ணன் மகன் ஜலாலுதீன் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நான் நலம். அங்கு உங்கள் நலத்தை விசாரிக்கும் யோக்கியதை எனக்கில்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன்.

சாச்சா, நடந்ததற்கு என் ஆபீஸ்தான் காரணம் என்று சொன்னால் அடிக்க வருவீர்கள். எங்கள் கம்ப்யூட்டர்களைக் கம்பியால் இணைத்திருக்கிறோம். ஒவ்வொன்றும் அரை நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்திலிருப்பதிடம், "இன்ன இடத்துக்கு என் வழியாக இத்தனை தாவலில் போய்ச் சேரலாம்" என்று சொல்லும். அது ஒன்றைக் கூட்டி அடுத்ததிடம் சொல்லும். முழு வழி யாருக்கும் தெரியாது, பக்கத்து வீட்டுப் பேச்சை நம்புவதுதான். பட்டியல் நீண்டுபோனதால், ஒரே எண்ணில் தொடங்கும் இடங்களையெல்லாம் சேர்த்து ஒரே வரியாகச் சொல்ல வைத்தேன். அதிகாரி சம்பந்தம் முதுகில் தட்டிக்கொடுத்தார். அங்கேதான் எனக்குத் தலைக்கேறியது.

அந்தத் தலைக்கனத்தோடு தங்கை மெஹருன்னிசா கல்யாணத்துக்கு லீவில் வந்தேன். முந்நூறு வீட்டுக்கும் நடந்து போய் வாயால் அழைக்க வேண்டும் என்றார் உம்மா. நான் வீட்டுப் பெயருக்கு ஒன்றாக நாற்பது கார்டு எழுதி, படகுக்கார ரங்கனிடம் கொடுத்தேன். "இன்னா தம்பி, ஒரு வம்சத்துக்கே ஒரு கார்டா?" என்று சிரித்தான். "அவங்களுக்குள்ள சொல்லிக்குவாங்க" என்றேன். நம் கப்பக்காரர் வீடு பழவேற்காட்டில் ஒன்று, ஏரிக்கு மேற்கே ஆரம்பாக்கத்தில் உங்களுடையது ஒன்று என்பது, வாப்பா மவுத்தான பிறகு உங்கள் கையால் சோறு தின்று வளர்ந்த இந்த மடையனுக்குத் தோன்றவில்லை. கார்டு பழவேற்காட்டில் உங்கள் அண்ணன் உமர் பெரியத்தா வீட்டோடு நின்றுவிட்டது. தம்பிக்குத் தனியாகச் சொல்லியிருப்பான் என்று அவர் இருந்துவிட்டார்.

நிக்காஹ் முடிந்து பிரியாணிச் சட்டி கழுவும்போது ரங்கன் வந்து சொன்னான்: "ஆரம்பாக்கத்துல காலைலருந்து வெள்ளைச் சட்டை போட்டுக்கினு உங்க சாச்சா வாசல்லயே குந்தினு இருந்தாரு. போவலயா பாய்னு கேட்டேன். கூப்புடுவாங்கன்னாரு." அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை, சாச்சா. வெட்கமாக இருக்கிறது.

திங்கட்கிழமை ஆபீஸ் போனால் அங்கேயும் இதே கதை. ஒரே எண்ணில் தொடங்கும் இடங்கள் இரண்டு மூலையில் இருக்க, இரண்டும் "அது என்னிடம்தான்" என்று சொல்ல, தகவலெல்லாம் கிட்டத்து மூலைக்கே போய், தூரத்து மூலை ஒரு வாரமாகப் பட்டினி. "சுருக்கறது தப்பில்லய்யா, ரெண்டா பிரிஞ்சு கிடக்கறத ஒண்ணுன்னு சொன்னியே, அதான் தப்பு" என்றார் சம்பந்தம். முதுகில் தட்டிய அதே கை, இம்முறை மேசையில் தட்டியது.

வரும் வெள்ளிக்கிழமை உம்மா வீட்டில் பெண் மாப்பிள்ளைக்கு விருந்து. "சாச்சா வராம அந்த வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்" என்று மெஹருன்னிசா சொல்லிவிட்டாள். என்னோடு பேசுவதும் இல்லை. அந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவசியம் வாருங்கள். இனி என் ஆயுசுக்கும் எதையும் சுருக்க மாட்டேன். சாச்சிக்கு என் சலாம்.

உங்கள் மன்னிப்பையும் துஆவையும் வேண்டும்,
ஜலாலுதீன்

பி.கு.: உமர் பெரியத்தாவுக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டியிருந்தது. இரண்டையும் ஒரே உறையில் வைத்து, "கப்பக்காரர் வீட்டார் அனைவருக்கும்" என்று மேலே எழுதிப் பழவேற்காட்டுக்கே போட்டுவிட்டேன். அங்கிருந்து உங்களுக்கு வந்துவிடும்.