மொட்டைமாடி வானியலாளர்

அண்ணாந்து பார்த்தே பேர் வாங்கிவிடுகிற ஓர் இனம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் பெயர் இவர்களுக்குத் தெரியாது. நட்சத்திரங்களின் பெயரெல்லாம் அத்துப்படி.

நம்மவர் ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தர். அங்கே அவர் பேச்சை ஒருவரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. அதனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்த உறவினர், அடுப்பு ரிப்பேர் பார்க்க வந்தவர், வெறுமனே வழி கேட்க வந்தவர் என எல்லோரையும் மொட்டைமாடிக்குத் தள்ளிக்கொண்டு போய், தெற்கே விரலை நீட்டி, "அதோ ஆரஞ்சா தெரியுதே, அது ராட்சச நட்சத்திரம். நம்ம சூரியன் அதுக்கு முன்னால கடுகு" என்று ஆரம்பித்து, கழுத்து சுளுக்கும்வரை விடமாட்டார். வந்தவர்கள் தலையாட்டினார்கள். ஆட்டாமல் கீழே இறங்க முடியுமா?

மகளுக்குப் பள்ளியில் அறிவியல் கண்காட்சி. முதல் பரிசு வாங்குகிற பிள்ளையை விடுமுறையில் வானாய்வு முகாமுக்கு அனுப்புவார்கள். அவளுக்கு அதிலேயே உயிர். அப்பாவின் நட்சத்திரத்தையே எடுத்துக்கொண்டு, முப்பது நாள், தினமும் சரியாக ஏழு மணிக்கு, கோணமானியில் நூல் கட்டி உயரம் அளந்து எழுதினாள். முப்பது நாளும் இருபது டிகிரி.

"நட்சத்திரம் நகரும்டி. தினம் ஒரே இடத்துல எப்படி நிக்கும்? கை ஆடியிருக்கும்."

"இல்லப்பா, சுவத்துல சாத்தி வச்சுதான் பாத்தேன்."

"புத்தகம் எழுதினவனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா? அழி."

"துணி காயப்போடறப்ப நானும் பாக்கறேன். அது நகரவே இல்லைங்க" என்றாள் மனைவி. துணி காயப்போடுகிறவர்களுக்கு வானத்தைப் பற்றி என்ன தெரியும்?

மகள் அழித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, நாளுக்கொரு டிகிரியாக அவரே கணக்குப் போட்டுக் கொடுத்தார்.

கண்காட்சியில் நடுவராக வந்த ஆசிரியை நோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இருபதுன்னு எழுதி அழிச்சிருக்கியே, அதுதாம்மா சரி. நகரலைன்னா அது நட்சத்திரமே இல்ல. உங்க தெருவுக்குத் தெற்கே கட்டடம் கட்டறாங்கல்ல, அந்தக் கிரேன் மேல இருக்கிற விளக்கு. அதை நீயே கண்டுபிடிச்சிருப்ப. இப்ப இருக்கறது பொய்க்கணக்கு. இதுக்கு எப்படிப் பரிசு குடுப்பேன்?"

மகள் பக்கத்தில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். அந்த மனிதருக்கு ஒரு நொடியாவது நாக்கு கூச வேண்டாமா?

"நான்தான் அப்பவே சொன்னேனே, ஒழுங்கா பாருன்னு."

"ஆமாப்பா" என்றாள் மகள்.

நீங்கள் சிரிக்கலாம், உங்களுக்கு வானத்தைப் பற்றி அக்கறையே கிடையாது. ஆனால் உங்கள் வீட்டில் நீங்கள் எதைச் சொன்னாலும், மறுபேச்சில்லாமல், முகத்தைக்கூடப் பார்க்காமல், "ஆமா" என்று சொல்லிவிட்டுப் போகிறார்களா? உங்களுக்கு எல்லாம் தெரியும் என்பதால்தான் அப்படி என்று இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா?