மானிட்டர் மங்கியது, நான் கண்ணைக் கட்டிக்கொண்டேன்

அன்று என் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர்தான். நான், கம்ப்யூட்டர் கடையில் வேலை செய்யும் கஸ்தூரி, வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்த ரொட்டிக்கார பாய். வேறு யாராவது பார்த்ததாகச் சொன்னால் நம்பாதீர்கள். (எங்கள் ஊர் காஜா பெராங் முழுக்கப் பரப்பியது பாய்.)

நான் மெர்டேக்கா வந்து நாடு சுதந்திரமான வருஷம் பிறந்தவன். நாடு முன்னேறியது, நான் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பிறகு குருபோங்கில் ஒரு தொழிற்சாலையில் ஜாகா வேலை. கேட்டைத் திறப்பது, மூடுவது, நடுவில் கவலைப்படுவது. மனைவி காலமாகி, மகளும் லண்டனுக்கு நர்ஸாகப் போன பிறகு, வீட்டில் என்னோடு பேசியது அவள் ஞாயிறுதோறும் அனுப்பும் ஈமெயில் ஒன்றுதான். ஒரு கடிதத்தை வாரம் முழுக்கப் படிப்பேன்.

பழைய பெட்டி மானிட்டர் செத்ததும் கஸ்தூரியின் கடையில் தட்டையான எல்சிடி ஒன்று வாங்கினேன். எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருந்தது. எங்கெங்கோ தட்டி, திரையில் ஒரு கோட்டின் மேலிருந்த குட்டிப் பொத்தானை இடப்பக்கம் இழுத்தேன். எழுத்து பெரிதானது. கூடவே, மழையில் நனைந்த மாதிரி கலங்கியும் போனது. இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. கண் போய்விட்டது என்றுதான் தோன்றியது.

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் சோதித்துப் பார்த்து, "கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார். என் மனைவியைப் பற்றியும் முதலில் அப்படித்தான் சொன்னார்கள். செய்தித்தாள் தெளிவாகத் தெரிந்தது; அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. கவலைப்படுகிறவனுக்குச் சாதகமான சாட்சி பிடிக்காது.

மகளிடம் சொன்னால் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாள். அல்லது வரமாட்டாள். இரண்டில் எது என்று தெரிந்துகொள்ள எனக்குத் துணிச்சல் இல்லை. ஆகவே குருடனாக வாழ இப்போதே பழகிக்கொள்வது என்று முடிவெடுத்தேன்.

கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு நடந்தேன். கூடத்திலிருந்து சமையலறைக்குப் பதினோரு அடி. (வழியில் ஒரு பூச்சாடி இருந்தது. இப்போது இல்லை.) மூன்றாம் நாள் வாசல்வரை வந்துவிட்டேன். கையை நீட்டி கேட்டைத் தேடினால் வழவழவென்று உருண்டையாக ஏதோ அகப்பட்டது. நன்றாகத் தடவிப் பார்த்தேன்.

"அங்கிள், என் ஹெல்மெட்ட விடுங்க. பழைய மானிட்டர எடுத்துட்டுப் போக வந்தேன்" என்றது கஸ்தூரியின் குரல்.

"என்னண்ணே, கண்ணாமூச்சியா? தனியாவா?" என்றார் பாய்.

துண்டை அவிழ்த்து விஷயத்தைச் சொன்னேன். கஸ்தூரி சிரிக்காமல் உள்ளே வந்து கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள்.

"ரெசல்யூஷன யாரு மாத்துனது?"

"தானா மாறியிருக்கும்மா."

"தானா மாறாது அங்கிள். இந்த எல்சிடிக்கு ஒரே ஒரு அளவுதான் சரியா வரும். வேற எதுல வச்சாலும் இப்பிடித்தான் கலங்கும். எழுத்து பெருசா வேணும்னா எழுத்த மட்டும் பெருசாக்கணும் லா."

நான் இழுத்த பொத்தானை வலப்பக்கம் தள்ளினாள். வேறெங்கோ போய் எழுத்தை மட்டும் பெரிதாக்கினாள். என் கண் திரும்பி வந்தது. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

"கண்ணு வந்துருச்சா? அப்ப எத்தன ரொட்டி?" என்று பாய் வாசலிலிருந்தே கேட்டார்.

மகளின் கடிதம் பளிச்சென்று நின்றது. இந்தத் தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை அப்பா, அடுத்த வருஷம் பார்க்கலாம். கலங்கலாகவே விட்டிருக்கலாம் என்று ஒரு நொடி நினைத்தேன்.

"இப்ப சரியா தெரியுதா அங்கிள்?"

"ரொம்பத் தெளிவா தெரியுதும்மா."

வீட்டில் வந்து பார்த்ததற்குப் பதினைந்து வெள்ளி கேட்டாள். சட்டைப் பையில் பத்து வெள்ளி நோட்டும் இருந்தது, ஐந்து வெள்ளி நோட்டும் இருந்தது. பத்தை மட்டும் எடுத்துக் கொடுத்து, "மிச்சத்த அடுத்த வாரம் வந்து வாங்கிக்கம்மா. டீ குடிச்சிட்டுப் போலாம்" என்றேன்.

வந்தாள். டீ குடித்தாள். நான் கொடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. கல்யாணமாகி புக்கிட் ரம்பாய்க்குப் போன பிறகும் வீட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வருகிறாள். கதை லண்டன்வரை போய்விட்டது. மகள் போன் போட்டால், "அப்பா, துண்ட அவுத்துட்டுப் பேசுங்க" என்றுதான் ஆரம்பிப்பாள். அடுத்தது, "கஸ்தூரிக்கு இன்னும் எவ்வளவு குடுக்கணும்?"

ஐந்து வெள்ளி.