பிள்ளையாரோடு லாரியேறிய கடைசி அத்தியாயம்

என்னை ஏமாற்ற யாரும் மெனக்கெட வேண்டியதில்லை. நாலு வரி பாராட்டு போதும், மிச்சத்தை நானே பார்த்துக்கொள்வேன். அந்தப் பாராட்டையும் ஒருமுறை எனக்கு நானே வழங்கிக்கொண்டேன். அதில் பட்ட அவமானத்துக்கு இன்றுவரை யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை.

இரண்டாயிரத்தைத் தாண்டிய வருடங்கள். கல்யாணமான புதிது. விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகளை ஒட்டிய தெருவில் குடியிருந்தோம். ஏதோ ஊரில் தெருமுனையில் பெட்டி வைத்துப் புத்தகங்களைப் பகிர்ந்துகொள்கிறார்களாம், அக்கம்பக்கமே ஒற்றுமையாகிவிட்டதாம் என்று பத்திரிகையின் ஞாயிறு இணைப்பில் படித்தேன். (ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எதையும் நம்பிவிடுவேன்.) பட்டறை ஒன்றில் கழித்துப்போட்ட மரப்பெட்டியை வாங்கிவந்து மதில் ஓரம் நிறுத்தி, ‘எடுத்துப் படியுங்கள், படித்ததும் வையுங்கள்’ என்று அட்டை எழுதி மாட்டினேன்.

முதல் நாள் பழைய வார இதழ்கள் வைத்தேன். மறுநாள் காலி. அடுத்து நாவல்கள். அவையும் காலி. என் கல்லூரிப் பொருளாதாரப் பாடநூலே ஒரு பகலில் போய்விட்டது. அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நானோ கண்கலங்கினேன்.

“நம்ம தெரு எவ்ளோ பசியோட இருந்திருக்குது, பாத்தியா?”

“ஒண்ணுகூட திரும்பி வரலியே?” என்றாள் மனைவி செல்வி.

“ஆழ்ந்து படிக்கிறாங்க.”

பெண்ணாடத்திலிருந்த மாமனார், ஒரு தொடர்கதையை இரண்டு வருடம் வாராவாரம் கிழித்துச் சேர்த்து, தன் கையாலேயே தைத்து பைண்டு செய்து வைத்திருந்தார். உலகத்தில் ஒரே பிரதி. பெண்ணைக் கொடுத்தபோது கலங்காத மனிதர், “படிச்சிட்டு பத்திரமா தாங்க மாப்ள” என்று அதைக் கொடுத்தபோது கலங்கினார். பசித்த தெருவுக்கு அதையும் படைத்தேன்.

ஒரு வாரத்தில் மாமனார் வந்துவிட்டார். காபி ஆறுவதற்குள், “புக்கு எங்க மாப்ள?”

“ஜனங்க படிச்சிட்டிருக்காங்க மாமா.”

அவர் டம்ளரை வைத்த சத்தத்தில் செல்வி சமையலறையிலிருந்து ஓடிவந்தாள்.

மாமனாரும் நானும் வீடு வீடாகக் கேட்டுப் போனோம். மூன்றாவது, அம்சா அக்கா வீடு. கூடத்தில் ஆறேழு பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, பீங்கான் பிள்ளையார்களைக் காகிதத்தில் சுற்றி வைக்கோலில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். மாமனாரின் பைண்டு அட்டையால் அம்சா அக்கா விசிறிக்கொண்டிருந்தார்.

“வாங்க தம்பி! ஒங்க புண்ணியத்துல இப்பல்லாம் பேப்பருக்கு அலையறதே இல்ல.”

“அக்கா! படிக்கறதுக்கு வெச்சது அது! அட்டையில எழுதியிருந்தேனே!”

“அட்டைய யாரு பாத்தா? பெட்டியதான பாத்தோம். பேக்கிங் பெட்டில பேப்பரு கெடந்தா பொம்ம சுத்தறதுக்குன்னு இந்தத் தெருவுல கொழந்தைக்கும் தெரியுமே!”

எனக்கு ரத்தம் கொதித்தது. எழுத்தை மதிக்காத சமூகம் என்று தொடங்கி ஒரு பிரசங்கமே செய்தேன். ஒரு பிள்ளையார்கூடக் காது கொடுக்கவில்லை.

“கத்தாதீங்க தம்பி. படிச்சிட்டுதான் சுத்துனோம்” என்றார் அக்கா. “ஒருத்தி படிப்பா, மத்தவங்க கேட்டுக்கினே சுத்துவோம். கதைல அந்தப் பொண்ணு கோவிச்சிக்கினு ரயிலேறுனா பாருங்க, அதுவரைக்கும் ஆச்சு. அதுக்குள்ள கடைசிப் பக்கங்களையும் அவசரத்துல பொம்மைக்கு சுத்தி, காலைல லாரி ஏத்திட்டாங்க. ஏன் தம்பி, அவ திரும்பி வந்தாளா?”

ஆறேழு முகங்களும் என்னையே பார்த்தன. நான் மாமனாரைப் பார்த்தேன்.

(அதில் ஒரு பக்கம்கூட நான் படித்திருக்கவில்லை.)

அவருக்குப் புரிந்துவிட்டது. “தள்ளி ஒக்காருங்கம்மா” என்று அந்த வட்டத்தில் உட்கார்ந்தார். ஒரு பிள்ளையாரைக் கையில் எடுத்துச் சுற்றிக்கொண்டே கடைசி அத்தியாயத்தைச் சொல்ல ஆரம்பித்தார். பெண்ணாடம் பஸ்ஸுக்கு நேரமாகும்வரை தெரு ஒற்றுமையாக உட்கார்ந்து கேட்டது. பெட்டி வைத்த நான் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். வாங்க, உட்காருங்க என்று ஒரு வார்த்தை? கிடையாது.

அடுத்த முறை வந்தபோது இன்னொரு பைண்டு புத்தகம் கொண்டுவந்தார். என் வாசலைத் தாண்டி நேரே அம்சா அக்கா வீட்டுக்குப் போனார். நியாயம் கேட்டேன்.

“அவங்க படிச்சிட்டாவது சுத்துவாங்க, மாப்ள.”

இன்றும் என் அலமாரியில் தூசி படிந்த புத்தகம் எதையாவது கண்டால் மகள் எடுத்துத் தட்டுகிறாள். “இத பேக்கிங்குக்குக் குடுத்துடலாம்பா. பாவம், யாராச்சும் படிக்கட்டும்.”