பெதுரேனியில் அவசியம் செய்ய வேண்டிய ஐந்து

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது, பிறகு சக்கரத்தை. அந்தக் களைப்பில் வெகுகாலம் சும்மா இருந்துவிட்டு, பெதுரேனி ஊராட்சித் தலைவர் கவ்ரிலாவின் மைத்துனர் கையால் 'அமைதி இல்லம்' என்ற விடுமுறைக் குடிலைக் கட்டியது. ஜன்னல்தோறும் பூத்தொட்டி. குளியலறையில் வெந்நீர்த் தொட்டி. அதற்கும் ஊர்க் கிணற்றில்தான் தண்ணீர் இறைக்க வேண்டும் என்பதால், அந்தத் தொட்டி 'பாரம்பரியமானது' என்று அறிவிக்கப்பட்டிருந்தது.

ஒரே ஒரு குறை. ருமேனியாவில் கிராமத்து விடுதிகளின் தரத்தைச் சொல்வது நட்சத்திரமல்ல, டெய்சிப் பூ. இல்லத்திடம் இரண்டு பூ இருந்தது. மூன்றாவது வேண்டுமென்றால் 'அருகில் செய்யத்தக்கவை' என்று குறைந்தது ஐந்து காட்ட வேண்டும். பெதுரேனியில் செய்யத்தக்கது ஒன்றுதான்: பிழைப்புத் தேடி இத்தாலிக்குப் போவது.

தலைவர் சின்சியானாவைக் கூப்பிட்டனுப்பினார். ஊரில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். பதினெட்டு கிலோமீட்டர் தள்ளி, நகரத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலையும் கிடைத்திருந்தது. செப்டம்பரில் சேர வேண்டும். பஸ்தான் நான்கு வருடமாக வரவில்லை.

"படிச்ச புள்ள நீ. அஞ்சே அஞ்சு எழுதிக் குடு. மூணாவது பூ வந்துட்டா மாவட்டத்துக்காரன் பஸ் விட்டே ஆகணும்."

"போன தேர்தல்லயும் இதே வாயாலதான சொன்னீங்க தலைவரே?"

"அது வேற பஸ்ஸும்மா."

ஆற்றங்கரையில் நடத்தல், நாரைக்கூடு பார்த்தல், ஆட்டுப்பால் கறத்தல், ப்ளம் சாராயம் காய்ச்சுமிடத்தில் மூச்சை இழுத்து விடுதல் என்று நாலு எழுதிவிட்டாள். ஐந்தாவது வரவில்லை, கோபம்தான் வந்தது. 'வராத பேருந்துக்காகக் காத்திருத்தல். கால அளவு: வாழ்நாள்' என்று எழுதி நீட்டினாள். தலைவர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். படித்துவிட்டுப் போட்டால் நிர்வாகம் தாமதப்படும்.

மாவட்டத்திலிருந்து ஆய்வுக்கு வந்த அதிகாரி ஸ்தேரியன் முதல் நான்கையும் தாண்டி, துருப்பிடித்த பஸ் நிழற்குடைக்குள் போய் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஆயிற்று. மூன்று ஆயிற்று. அவ்வழியே ஆடு ஓட்டி வந்த சின்சியானாவின் அம்மா பாராஸ்கிவாவுக்கு மனசு கேட்கவில்லை.

"சார், எந்திரிங்க. பஸ்ஸு வராது."

"தெரியும்மா. அதுலதான் சுகமே! டவுன்ல எல்லாம் வந்துக்கிட்டே இருக்கு. பஸ்ஸு, டிராமு, ஆம்புலன்ஸு..."

"அதுல ஒண்ணை இந்தப் பக்கம் தள்ளி விட்டா கொறைஞ்சா போயிடுவீங்க?"

அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு குறிப்பேட்டில் எழுதினார்: 'உள்ளூர் நகைச்சுவை: மிக நன்று.'

மூன்றாவது பூ வந்தது. சின்சியானா ஊராட்சி அலுவலகத்துக்கு ஓடினாள்.

"பஸ் எப்ப தலைவரே?"

"சத்தம் போடாத. ஆணையைப் படி."

படித்தாள். 'மேற்படி காத்திருப்பு மையத்தின் இயல்பு கெடாதிருக்கும் பொருட்டு, அவ்வழியே எந்தப் பேருந்தும் எக்காலத்திலும் இயக்கப்படலாகாது.'

"ஐயோ, நான் திட்டித்தான் எழுதினேன்!"

"நல்லா திட்டியிருக்கம்மா. எட்டு ஜெர்மன்காரங்க ரூம் போட்டாச்சு."

"அப்ப நான் எப்படி வேலைக்குப் போறது?"

தலைவர் தாடையைத் தடவி யோசித்தார். "நீயும் காத்திருக்கலாமே? உள்ளூர்ப் புள்ள, முன்வரிசை தரச் சொல்றேன்."

பள்ளி திறந்த நாள் விடியலில் சின்சியானா நடக்கத் தொடங்கினாள். நிழற்குடையில் எட்டு ஜெர்மானியர்கள் கம்பளி போர்த்தி, பரவசத்தில் வீற்றிருந்தார்கள். அவள் தலைவரை, மைத்துனரை, மாவட்டத்தை, பூவை என்று வரிசை தவறாமல் திட்டிக்கொண்டே கடந்தாள். எட்டு கேமராக்கள் அவளைப் பக்தியோடு பின்தொடர்ந்தன.

மறுவாரம் நிழற்குடையில் புதிய பலகை தொங்கியது. '6. பட்டதாரிப் பெண் வேலைக்கு நடந்து செல்வதைக் காணுதல். வார நாட்களில், காலை ஐந்து மணி. அவர் திட்டுவது உங்களை அல்ல.'

சின்சியானா நின்றாள். பையிலிருந்து விடைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்தாள். 'அல்ல' என்பதை அடித்து, மேலே 'யும்தான்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு முட்டையும் போட்டுவிட்டு நடந்தாள்.