தயாரிப்பு: செங்கம்மாள்

லேபிளில் என்ன எழுதுவது என்று காத்தவராயன் காலையிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தான். உண்மையை எழுதுவதென்றால் ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். தண்ணீர்.

கூடவே ஒரு மூடி வெள்ளைக் கலரும் நாலு சொட்டு வாசனையும் உண்டு. பதினோரு வருடமாகப் புதுப்பட்டினம் வீட்டில் இதைத்தான் டிரம்மில் கலக்கி, கல்பாக்கம் குவார்ட்டர்ஸில் வீடு வீடாகப் போய் ஃபினாயில் என்று விற்றுவந்தான். யாரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போது புது விதி வந்துவிட்டது. பழைய கூல்டிரிங்ஸ் பாட்டிலில் அடைக்கக் கூடாதாம். உள்ளே என்னென்ன சேர்ந்திருக்கிறது, என்ன ஆபத்து, யார் தயாரித்தது, எந்த நம்பருக்குப் போன் செய்வது, எல்லாம் வெளியே ஒட்டியிருக்க வேண்டுமாம். லேபிள் இல்லாமல் வந்தால் உள்ளே விட மாட்டோம் என்று குவார்ட்டர்ஸ் கேட்டில் சொல்லிவிட்டார்கள்.

பதினோரு வருடம் வராத வெட்கம், எழுத உட்கார்ந்ததும் வந்தது.

"இன்னாயா, பேனாவ வச்சிகினு மோட்டுவளையப் பாத்துகினு கீற?" என்றாள் மனைவி செங்கம்மாள். பாட்டிலில் ஊற்றி மூடி போடுவது அவள் வேலை.

"நீ போய் உன் வேலையப் பாரு."

கடைசியில், வீட்டுக் கக்கூஸ் கழுவ வாங்கிவைத்திருந்த கம்பெனி பாட்டிலை எடுத்துவந்தான். சொந்தச் சரக்கைச் சொந்த வீட்டில் அவன் உபயோகிப்பதில்லை. கம்பெனி பாட்டிலில் இருந்த மூன்று ரசாயனப் பெயர்களை எழுத்துக்கூட்டி அப்படியே எழுதினான். மண்டை ஓட்டுப் படத்தை மட்டும் அதில் இருந்ததைவிடப் பெரிதாகப் போட்டான். சின்னதாகப் போட்டால் சரக்கு வீக் என்று நினைத்துவிடுவார்களே!

தயாரித்தவர் பெயர் என்ற இடத்தில் கை நின்றது. இவ்வளவு பொய்க்கும் கீழே தன் பெயரா? கூச்சமாக இருந்தது. 'தயாரிப்பு: செங்கம்மாள்' என்று எழுதிவிட்டு, போன் நம்பரை மட்டும் தன்னுடையதாகப் போட்டான்.

அச்சாகி வந்த லேபிளை அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாயா இது, என் பேரு?"

"பொம்பள பேரு இருந்தா ராசி."

அவள் லேபிள் ஒன்றை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். அந்த வாரத்திலிருந்து முட்டிவலி வைத்தியம் என்று செவ்வாய்தோறும் கட்டைப்பையோடு செங்கல்பட்டு பஸ் ஏற ஆரம்பித்தாள்.

லேபிள் ஒட்டியதும் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. குவார்ட்டர்ஸில் பழைய வாடிக்கை வைஷாலி. அவள் வாசலிலேயே நிறுத்திப் பாராட்டினாள்.

"முன்னெல்லாம் உங்க ஃபினாயில்ல எறும்பு நீச்சலடிக்கும் அண்ணா. இப்ப ஒரு கறை நிக்க மாட்டேங்குது!"

ஒரு மண்டை ஓட்டுக்கு இவ்வளவு சக்தியா என்று காத்தவராயன் வியந்தான். படித்த ஜனங்கள், படித்ததை நம்புகிறார்கள். பாராட்டை வாங்கிக்கொள்ளத்தான் முகம் கூசியது.

மூன்றாவது மாதம் ஒரு காலையில் போன் வந்தது.

"செங்கம்மாள் ஃபினாயிலா? நான் குவார்ட்டர்ஸ் ஆஸ்பத்திரி டாக்டர் ஜெஸ்ஸி. வைஷாலியோட மாமனார் உங்க ஃபினாயிலக் குடிச்சிட்டார்னு தூக்கிட்டு வந்திருக்காங்க. லேபிள்ல மூணு கெமிக்கல் போட்டிருக்கே, மூணும் உண்மையா?"

"ஆமாங்க" என்றான். வியாபார வாய்.

"எவ்வளவு ஸ்ட்ராங்?"

"நம்ம சரக்கு செம ஸ்ட்ராங்குங்க!"

"ஐயையோ! அப்ப உணவுக்குழாயே வெந்திருக்கும். சென்னைக்கு அனுப்பி ஆபரேஷன் பண்ணணும்!" போன் கட்டாகிவிட்டது.

தண்ணீர் குடித்த கிழவருக்கு ஆபரேஷன்! கையில் அகப்பட்ட புது பாட்டிலோடு மொபெட்டில் ஏறினான். விஷயத்தைக் கேட்டதும் செங்கம்மாள் "ஐயோ!" என்று அலறிக்கொண்டு ஷேர் ஆட்டோவுக்கு ஓடினாள். தன் பெயர் கெட்டுவிடுமே என்ற பயம்தான் அவளுக்கு, என்று நினைத்துக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் பெரியவர் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஸ்டிரெச்சரில் கிடந்தார். வாயைச் சுற்றி வெள்ளையாகக் காய்ந்திருந்தது. யார் என்ன கேட்டாலும் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் வைஷாலி அழுதுகொண்டிருந்தாள். குவார்ட்டர்ஸ் பெண்கள் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். அத்தனை பேரும் அவனுடைய வாடிக்கையாளர்கள்.

"டாக்டரம்மா, அவருக்கு ஒண்ணியும் ஆவாது" என்றான். "அது... வெறும் தண்ணி."

"என்னது?"

"தண்ணிம்மா! பதினோரு வருசமா தண்ணிதான்! லேபிளு பாத்து எழுதுனது!"

வராந்தாவில் இருந்த அத்தனை கண்களும் அவன் மேல். பூமி பிளந்து தன்னை விழுங்கக் கூடாதா என்றிருந்தது அவனுக்கு.

"சீ! குழந்தை தவழற தரைன்னு நம்பி வாங்கினேனே அண்ணா" என்றாள் வைஷாலி. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

டாக்டர் நம்பவில்லை. "போலீஸ் கேஸுக்குப் பயந்து பொய் சொல்றீங்க. ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க!"

வேறு வழி தெரியவில்லை. "இத பாருங்க!" என்று புது பாட்டிலைத் திறந்து, கண்ணை மூடி, கடகடவென்று இரண்டு மடக்கு விழுங்கினான். தொண்டை எரிந்தது. கண்ணில் நீர் முட்டியது. வெட்கத்தில் இப்படியெல்லாம் ஆகும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

ஸ்டிரெச்சரில் பெரியவர் எழுந்து உட்கார்ந்தார்.

"அந்த மனுஷன விட்டுடுங்கம்மா. நான் குடிச்சது எதிர்வீட்டுப் பால்பாயசம். சுகரு முந்நூறு. மருமக வர்ற சத்தம் கேட்டுத் திரும்பினேன், கால் பட்டு ஃபினாயில் கவுந்துடுச்சு. பாயசம்னு சொல்ல வெக்கமா இருந்தது."

காத்தவராயன் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தான். ஆக, மானத்தை விற்றது வெட்டியாகத்தான். இனி எந்த முகத்தோடு குவார்ட்டர்ஸுக்குள் போவது? எரிச்சல் தொண்டையிலிருந்து நெஞ்சுக்கு இறங்கியது.

செங்கம்மாள் மூச்சு வாங்க ஓடிவந்தாள். "பெரியவரு எப்டி கீறாரு?"

"அவருக்கு ஒண்ணியும் இல்ல" என்றான் தலையைக் குனிந்தபடி. "நான்தான் எல்லார் எதுருலயும் தண்ணினு ஒத்துகினு, நானே குடிச்சும் காட்டிட்டேன்."

செங்கம்மாள் அவன் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தாள். டாக்டர் பக்கம் திரும்பித் தலையில் அடித்துக்கொண்டாள்.

"பொய்யில என் பேரு இருந்தா வெக்கக்கேடுனு, அந்த லேபிளையே செங்கல்பட்டு கடையில காட்டி, அதுல போட்ருந்த மூணு மருந்தையும் வாங்கியாந்து மூணு மாசமா நான்தாம்மா ரொப்பிகினு கீறேன்!"