தட்டில் கால் பங்கு

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்த பேருந்து ஓட்டுநர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே ஒரு முடிவை அறிவித்தார். இனிமேல் இந்த வீட்டில் என்ன சமைப்பது என்பதை நாக்கும் முடிவு செய்யாது, மனைவியும் முடிவு செய்ய மாட்டாள். அறிவியல்தான் முடிவு செய்யும்.

மனைவி மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி அச்சடித்திருப்பதையெல்லாம் படித்துப் படித்துக் கண் பழகிப்போனவள். துணி மடிப்பதை நிறுத்தாமலே கேட்டாள்.

"அறிவியல் வெளியில சாப்பிட்டுட்டு வந்துச்சா, இல்ல இங்கதான் சாப்பிடுமா?"

விஷயம் இதுதான். மூன்று வாரத்தில் அவருக்கு மறுபடியும் உடல் பரிசோதனை. போன தடவை ரத்த அழுத்தம் நூற்றைம்பதைத் தாண்டிக்கொண்டு நின்றது. இந்தத் தடவையும் இறங்காவிட்டால் ஸ்டியரிங்கிலிருந்து அவரை இறக்கி, டிக்கெட் கவுன்டரில் உட்கார வைத்துவிடுவார்கள். இருபத்தாறு வருடம் அகலமான கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்த மனுஷன். கவுன்டர் கண்ணாடியில் ஒரு கை நுழைகிற ஓட்டைதான் இருக்கும். அதை நினைத்தாலே அவருக்கு அழுத்தம் ஏறும்.

பரிசோதனைக்கூடத்து நர்ஸம்மா ஒரு தாள் கொடுத்திருந்தார். சமச்சீர் உணவு என்று தலைப்பு. நடுவில் வட்டமாக ஒரு தட்டுப் படம். பாதித் தட்டு காய்கறி. கால் தட்டு தானியம். மீதிக் கால் தட்டு புரதம். புரதத்துக்குக் கீழே பருப்பு, முட்டை, மீன் என்று வரிசையாகப் போட்டு, கடைசியில் போனால் போகிறதென்று இறைச்சியையும் போட்டிருந்தார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பார்த்ததும் ஓட்டுநருக்குப் பச்சை விளக்கு விழுந்துவிட்டது.

பன்றி இறைச்சியை அரைத்துத் தோலுக்குள் அடைத்த சாசேஜ் என்றால் அவருக்கு உயிர். அழுத்தம் ஏறியதிலிருந்து நாலு மாதமாக வீட்டில் அது கிடையாது. வெளியில் தின்னலாமென்றால் அவர் வண்டியின் கண்டக்டர் கூடவே இருப்பான். அவனுக்குப் பட்டப்பெயர் வானொலி. காலையில் இவர் வாயில் போட்டது சாயங்காலத்துக்குள் மருந்துக்கடை வரைக்கும் ஒலிபரப்பாகிவிடும்.

"இதப் பாரு. புரதம், கால் தட்டு. ரெண்டு சாசேஜ் அந்தக் காலுக்குள்ள கச்சிதமா உட்காரும். அளந்துட்டேன்."

"எதால அளந்தீங்க?"

"மனசாலதான். அதுல என்னென்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா? புரதம் இருக்கு. இரும்பு இருக்கு. துத்தநாகம் இருக்கு. பி பன்னெண்டு இருக்கு."

"கேட்டா சாப்பாடு மாதிரி இல்லீங்க. பழைய சாமான் கடை மாதிரி இருக்கு."

"சிரிக்காத. தாள்ல போட்டிருக்கா இல்லையா?"

அவள் தாளை வாங்கிப் பார்த்தாள். முன்பக்கம் பார்த்தாள். பின்பக்கமும் பார்த்தாள்.

"போட்டிருக்கு. சரி. காலையில ரெண்டு, சாயங்காலம் ரெண்டு. போதுமா?"

ஓட்டுநர் சண்டைக்கு வரிந்து கட்டிக்கொண்டு வந்தவர். எதிராளி இல்லாத மைதானத்தில் நிற்கிற மாதிரி ஆகிவிட்டது. இறக்கத்தில் வண்டி தானாக ஓடும்போது சந்தோஷப்படுகிறவன் நல்ல ஓட்டுநரே இல்லை. அன்றைக்கு இவர் சந்தோஷப்பட்டார்.

சனிக்கிழமை காலையில் ரொட்டியும் தக்காளி சாஸும் பக்கத்தில் இருக்க, தோல் வெடித்துப் பளபளவென்று இரண்டு சாசேஜ். கண்ணை மூடிக்கொண்டு தின்றார். மத்தியானம் சோறு, பீன்ஸ், அவித்த முட்டை. முதல் வாயிலேயே கண் திறந்துகொண்டது.

"ஏம்மா, உப்புப் போட மறந்துட்டியா?"

"மறக்கல. தீர்ந்துபோச்சு."

"வீட்டுல உப்பே இல்லையா?"

"வீட்டுல இருக்கு. உங்க பங்குதான் தீர்ந்துபோச்சு." தாளின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு உப்பு ஐந்து கிராம், அதற்குமேல் கூடாது. பிறகு சாசேஜ் பாக்கெட்டின் பின்பக்கத்தைக் காட்டினாள். "ஒரு சாசேஜுக்கு ஒரு கிராம். நாலுக்கு நாலு. ரொட்டியும் சாஸும் சேர்ந்து ஒண்ணு. அஞ்சு ஆயிடுச்சா?"

"சாயங்காலத்து ரெண்டு இன்னும் வயித்துக்குள்ளயே போகலையே!"

"அதுங்க முன்பதிவு பண்ணிடுச்சே. ஏறுற நேரத்துல சீட்டு இல்லன்னு சொல்ல முடியுமா?"

கொழுப்புக்கும் அதே சட்டம்தான். பீன்ஸைத் தடவிப் பார்த்தாலும் எண்ணெய் தட்டுப்படவில்லை. உப்பு ஜாடியை மட்டும் அவள் அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள்.

"நான் தடுக்கலீங்க. வேணும்னா போட்டுக்கங்க. நர்ஸம்மாகிட்ட நான் போய்ச் சொல்லப் போறதில்ல. உங்க ரத்தமே சொல்லிடும்."

ஜாடியை அவர் தொடவில்லை. அந்தக் கை இருபத்தாறு வருடம் சிவப்பு விளக்கைத் தாண்டாத கை.

யோசித்துப் பார்த்தால் சாசேஜ் மேல் பழி சொல்ல முடியாது. அவர் அடுக்கிய சத்தெல்லாம் அதில் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அது தனியாக வராது. வேண்டிய விருந்தாளியைக் கூப்பிட்டால் வேண்டாத இரண்டு பேரைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருவானே, அந்த மாதிரி உப்பையும் கொழுப்பையும் கூட்டிக்கொண்டுதான் வரும். வந்தவர்கள் எல்லா நாற்காலியிலும் உட்கார்ந்துகொண்டால் பீன்ஸும் முட்டையும் பாவம், எங்கே உட்காரும்?

ஞாயிற்றுக்கிழமை முட்டைக்கோஸும் உருளைக்கிழங்கும். வெள்ளையடித்த சுவரை நக்கியிருந்தால்கூடக் கொஞ்சம் ருசி கிடைத்திருக்கும். நாலு சாசேஜ் தின்ன எட்டு நிமிஷம். மீதி நாள் முழுக்க அட்டைப்பெட்டியைத் தின்கிற மாதிரி.

திங்கள்கிழமை சாயங்காலம் சாசேஜைக் கடித்தபோது ஓட்டுநருக்கு ஒன்று தெரிந்தது. சப்பென்று தின்று பழகிய நாக்கில் உப்பு சுரீரென்று தனியாக நின்றது. இத்தனை நாள் இறைச்சியின் ருசி என்று நினைத்ததில் பாதி இதுதானா?

அப்போதுதான் மனைவியின் தட்டைப் பார்த்தார். அதிலும் அதே வெளுத்துப்போன பீன்ஸ். முகத்தைச் சுளிக்காமல் முழுங்க முயற்சி செய்துகொண்டிருந்தாள்.

"உனக்குத்தான் அழுத்தம் இல்லையே. நீ ஏன் இதத் தின்னுற? உப்புப் போட்டுக்க."

"நான் உப்புப் போட்டு ருசிச்சுச் சாப்பிட்டா, எதிர்ல இருக்கிற உங்களுக்கு இறங்குமா?"

அவர் கடித்த சாசேஜைத் தட்டில் வைத்தார். அவளே தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"கவுன்டர்ல போட்டாலும் சம்பளம் வரும்ங்க. அது பத்தி எனக்குக் கவலை இல்ல. நீங்க அந்த ஓட்டை வழியா எட்டி எட்டிப் பாத்துட்டு, வீட்டுக்கு வந்து பேசாம உட்காந்திருப்பீங்க. அத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது."

ஓட்டுநர் தண்ணீர் குடித்தார். தொண்டையைச் செருமினார்.

"நான் ஒரு முடிவு எடுத்திருக்கேன்."

"மறுபடியுமா?"

"சாசேஜ் நல்ல பொருள்தான். நான் சொன்னதுல தப்பே இல்ல. இருந்தாலும் பரிசோதனை முடியற வரைக்கும் வேண்டாம். பீன்ஸுக்கு உப்புப் போடு. கொஞ்சமா."

"உங்க இஷ்டம்," என்றாள் அவள். இரண்டு தட்டிலும் ஒரு சிட்டிகை தூவினாள். பீன்ஸ் அவ்வளவு ருசியான காய் என்பது அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது.

பிறகு மாத்திரையும் நடையுமாக மீதி நாள்கள் போயின. பரிசோதனையில் நூற்றுமுப்பத்தாறு. நர்ஸம்மா முத்திரை குத்திக் கொடுத்து, எப்போதாவது ஒரு சாசேஜ் தின்றால் குடி முழுகிவிடாது என்று வேறு சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்த ஓட்டுநருக்குக் கால் தரையில் பாவவில்லை.

"பாத்தியா? யாரும் சொல்லல, யாரும் மிரட்டல. நானா யோசிச்சு நானா விட்டேன். மன உறுதின்னா இதுதான். மிச்சம் இருந்த சாசேஜ் மூணு வாரமா பிரிட்ஜுக்குள்ளயே கிடந்துச்சு. ஒரு தடவையாவது திறந்து பாத்திருப்பேனா?"

"மிச்சம் ஏதுங்க?" என்றாள் மனைவி. "நீங்க தாங்கப்போற மூணு நாளைக்குத்தானே வாங்கினேன்."