உப்பில்லாமல் தின்ற பதினொரு நாள்

செல்வி, முருகா, தெரியாததை அப்பா யாரிடமும் கேட்கமாட்டார் என்று உங்கள் அம்மா சொல்வது உண்மைதான். (பலகை மாட்டாத பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, அது எந்த ஊருக்குப் போகிறது என்று போய்ப் பார்த்தவன் நான்.) இந்தப் புத்தியால் பட்ட பெரிய அவமானத்தை முழுசாக உங்களுக்குச் சொன்னதில்லை. செல்வி இந்த வருஷம் கல்லூரிக்குப் போவதால் எழுதிவைக்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில், ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி, போளூரில் பஸ் பிடித்து, ஒரு டவுன் கல்லூரியில் முதல் வருடம் சேர்ந்தேன். விடுதி அறையில் என்னோடு மூன்று பேர். மூவரும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். அவர்கள் பேச்சில் நுழைய எனக்கு இடுக்கே கிடைக்கவில்லை. முதல் மாதம் அவர்கள் என்னிடம் பேசியது, "அந்த ஜன்னல சாத்து" என்பது மட்டும். சாத்தினேன். இன்னொரு தரம் சொல்லமாட்டார்களா என்று நானே அதைத் திறந்துவைத்ததும் உண்டு.

அப்போதுதான் தமிழ் வாத்தியார், ஒவ்வொருவரும் தன் ஊரைப் பற்றி வகுப்பில் பத்து நிமிடம் பேசவேண்டும் என்றார். நன்றாகப் பேசிவிட்டால் ஒருவனாவது சாப்பாட்டில் என் பக்கத்தில் உட்காருவான் என்று நம்பினேன்.

சாமை எப்போது விதைப்பது, புளி எப்போது உலுக்குவது எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் எனக்கே தெரிந்தது எப்படித் தகவலாகும்? தகவல் என்றால் அச்சில் இருக்கவேண்டும் அல்லவா! நூலகத்துக்குப் போனேன்.

ஒரு வீட்டுக்குப் போனால், வீட்டுக்காரர் "இன்னா சேதி?" என்று கேட்கும்வரை வாய் திறக்காமல் நிற்பது எங்கள் குடும்பத்து மரியாதை. நூலகரும் கேட்பார் என்று அவர் மேசைக்கு முன்னால் நின்றேன். கேட்கவில்லை. இரண்டாம் நாள், ஏணியைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். மூன்றாம் நாளும் பிடித்தேன். நான்காம் நாள் ஏணி மேலிருந்தபடியே, "ஆமா, உன்ன யாரு வேலைக்குச் சேர்த்தது?" என்றார்.

"வேலைக்கு இல்லீங்க சார். இங்கதான் படிக்கிறேன்."

பாவம், பதறி இறங்கி, என்ன வேண்டும் என்று கேட்டு, மலைகளைப் பற்றி ஒரு தடித்த பழைய புத்தகத்தைத் தேடிக் கொடுத்தார். யாரோ வெளியூர்க்காரர் எழுதியது. எங்கள் மலைக்கு மூன்று பக்கம். ஓர் எழுத்து விடாமல் எழுதிக்கொண்டேன்.

வகுப்பில் அப்படியே வாசித்தேன். "படம் நான்கைக் காண்க" என்பதையும் வாசித்தேன். எல்லோரும் படத்தைத் தேடினார்கள். சிரிப்பு கிளம்பியது. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. "இம்மக்கள் உணவில் உப்புச் சேர்க்கும் வழக்கம் இல்லாதவர்கள்" என்று முடித்தேன்.

வாத்தியார் நிமிர்ந்தார். "உங்க வூட்லயுமா?"

போளூர்ச் சந்தையில் உப்பு வாங்கி மூட்டையாகத் தலையில் சுமந்து மலையேறியவன் நான். ஆனாலும், "புஸ்தகத்துல அப்டித்தான் போட்டுக்கீதுங்க சார்" என்றேன்.

"அது கெடக்கட்டும். நீ உப்பு போட்டுத் துன்னுவியா, மாட்டியா?"

"மாட்டேங்க சார்."

மத்தியானத்துக்குள் செய்தி விடுதிச் சமையலறைக்கு எட்டிவிட்டது. சமையல்காரர் கோவிந்தண்ணன் தங்கமான மனுஷர். "ஏம்ப்பா, மொதல்லயே சொல்லக்கூடாதா? ஒரு மாசமா உப்பப் போட்டுக் கொன்னுட்டனே!" என்று வருந்தி, எனக்கென்று தனிச் சட்டியில் குழம்பு வைத்தார். அறைத்தோழன் ஒருவன், "டேய், எங்க உப்பு உம்மேல பட்டுடப் போவுது, தள்ளிக் குந்து" என்றான். சாப்பாட்டுக் கூடத்தின் கடைசி பெஞ்சுக்குப் போனேன். பதினொரு நாள் அங்கே தனியாக உட்கார்ந்து அந்தக் குழம்பைத் தின்றேன். "நல்லாக்கீதா தம்பி?" என்று தினமும் கேட்பார் அண்ணன். "ரொம்ப நல்லாக்கீதுண்ணா" என்பேன். வேறென்ன சொல்வது?

பன்னிரண்டாம் நாள் மலையிலிருந்து என் தாய்மாமன் பார்க்க வந்தார். மலைக்காரர் ஆயிற்றே என்று, அண்ணன் அவருக்கும் என் சட்டியிலிருந்தே ஊற்றினார். மாமா ஒரு வாய் வைத்தார். அடுத்த நொடி கூடமே அதிரக் கத்தினார்: "இன்னாடா இது, சப்புன்னு கீது! எப்பா, ஒரு கை உப்பு கொண்டாங்கப்பா!"

கூடம் முழுக்கச் சிரித்தது. கோவிந்தண்ணன் மட்டும் சிரிக்கவில்லை. கரண்டியோடு என்னையே பார்த்தார். "அப்ப நீ ஏன்டா துன்ன?" என்றார்.

மாமா ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். குழம்பில் உப்புக் குறைந்தால் உங்கள் அம்மா, "புஸ்தகத்துல அப்டித்தான் போட்டுக்கீது" என்று சொல்வது எதனால் என்று இப்போது தெரிந்திருக்கும்.

அன்று மாமாவை பஸ் ஏற்றிவிட்டு நேராக நூலகத்துக்குப் போனேன். உள்ளே யாருமில்லை. புத்தகத்தை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக, "போடுவோம்" என்று எழுதினேன். (நீங்கள் அப்படிச் செய்யக்கூடாது.) யார் சொன்னது என்று கேட்பார்களே என்று, அதற்குக் கீழே என் பெயரையும் ஊரையும் எழுதினேன்.